பத்து ஆடுகளும் இருபது விதைகளும்

ஆடுகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவற்றின் நிறமும் வாய்க்குள்தான் இருந்தது. ஒவ்வோர் ஆடும் கன்னத்தில் இரண்டு விதைகளை அடக்கி வைத்திருக்கும். கறுப்பு விதை வாயாடி. ஒன்று இருந்தாலே போதும், ஆடு கறுப்புதான். வெள்ளை விதை கூச்சக்காரி. இரண்டும் வெள்ளையாக வாய்த்தால்தான் வெளியே தலைகாட்டும். குட்டி பிறந்ததும் தாயும் தகப்பனும் கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயை நக்கிவிடுவது வழக்கம். அவரவர் விதைகளில் எது நாக்கில் பட்டதோ, அதே நிறத்தில் குட்டிக்கு ஒன்று முளைக்கும். அப்போது வந்த நிறம் பிறகு மாறாது.

ஊசிப்பாறையில் ஒன்பது கறுப்பு ஆடுகள் இருந்தன. அவற்றில் காராயிக்கும் வீரணனுக்கும் குட்டி பிறந்தது. பார்த்தால், சுண்ணாம்பு வெள்ளை!

மந்தைத் தலைவன் கொம்பன் கிடாவுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவனுக்குக் குரல் கூடிவிடும்.

"சிறுத்தைக்கு இது தூரத்துலயே தெரிஞ்சிடும். இன்னைக்கே பள்ளத்துல கொண்டுபோய் விடு. வெள்ளை வெதை வச்சிருக்கவங்க அத்தனை பேரும் கூடவே கெளம்புங்க!"

சிறுத்தை குடியிருந்ததே அந்தப் பள்ளத்தில்தான். காராயி குட்டியை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"போறோம் அண்ணே. யார் யார் போகணும்னு தெரிய வேண்டாமா? எல்லாரும் வெதையத் துப்புங்க. நீங்களும்தான்."

கொம்பன் கன்னத்தை இறுக்கிக்கொண்டான். ஆனால் மறுத்தால் அவன்மேலேயே சந்தேகம் வரும். கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் துப்புவதென்று முடிவானது. துப்பிய இடமோ சரிவுப் பாறை. விதைகளெல்லாம் உருண்டோடி ஒரே குழியில் கலந்துவிட்டன.

ஆடுகளின் முதுகில் சவாரி செய்யும் மைனா இறங்கி எண்ணியது.

"பத்து ஆடு, இருபது வெதை. பதினாலு கறுப்பு, ஆறு வெள்ளை. பத்துக்கு மூணு வெள்ளை! வெளிய பாத்தா பத்துல ஒருத்தன்தான் வெள்ளை. மிச்சமெல்லாம் எங்க ஒளிஞ்சிருந்துச்சாம்?"

"குட்டிக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு," என்றாள் காராயி. "இன்னும் ரெண்டு இருக்கே, அது யாருது?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, கறுப்பாக இரண்டைப் பொறுக்கிவிடலாம் என்று கொம்பன் குழிக்குள் பாய்ந்தான். உடனே எல்லோரும் பாய்ந்தார்கள். கொம்பும் குளம்பும் மோதியதில் புழுதி கிளம்பிக் கண்ணை மறைத்தது. ஆளுக்கு அகப்பட்ட இரண்டை வாயில் போட்டு, பறிபோய்விடுமோ என்று விழுங்கியும் விட்டார்கள். குட்டிக்கும் காராயி இரண்டை ஊட்டிவிட்டாள்.

புழுதி அடங்கியது. குழி காலி.

"ஆறு வெள்ளையும் மந்தையிலதான் இருக்கு. ஒண்ணுகூடக் குறையல," என்று சிரித்தது மைனா. "யாரு வயித்துல எதுன்னுதான் தெரியாது."

"இப்ப யாரு அண்ணே பள்ளத்துக்குப் போறது?" என்று கேட்டாள் காராயி.

கொம்பன் தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு குட்டியைப் பார்த்தான்.

"பனி எறங்குது. பிள்ளைய நடுவுல படுக்க வைங்க," என்றான்.

கறுப்பு ஆடு வெள்ளைக் குட்டி போட்டால் எந்த மந்தையும் ஏனென்று கேட்காமல் இருப்பது அன்று முதல்தான். ஆனாலும் தன் வயிற்றில் இருப்பது கறுப்பா வெள்ளையா என்ற சந்தேகம் ஓர் ஆட்டுக்கும் தீரவில்லை. அதனால்தான் தின்றதையெல்லாம் மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, இன்றுவரை மென்று மென்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.