பிரிக்காத பூ

மடத்தம்மாவைவிட ஆவுடையப்பன் வயதில் மூத்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருந்தாலும் அவளைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் மடத்துக்கு வந்து அவள் பேசுவதைக் கேட்பார். பாதிப் பேச்சில் தூங்கியும் போவார்.

அன்று தூங்கவில்லை. வந்ததும் வராததுமாக மனைவி கோமதியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். மருத்துவ முகாமில் மார்பைப் படமெடுத்துப் பார்த்தார்களாம். சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நர்ஸ் போன் மேல் போன் போடுகிறாள். இவளோ அசைவேனா என்கிறாள். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வரைக்குமாவது சீக்கில்லாதவளாக இருந்துக்கிறேனே என்று கெஞ்சுகிறாளாம்.

கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கச் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி, வெள்ளை வந்தால் வேண்டாம். சாமி காலடியில் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுத்துக் கொடுத்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டவள்தான், பிரிக்கவே இல்லை. அரிசிப் பானைக்குள் போட்டு வைத்துவிட்டாள்.

"சாமி கொடுத்த பதிலைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா. ஏம்மா இப்படி இருக்கா?"

அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்த பொட்டலத்தை முன்னால் வைத்தார். வாழையிலை காய்ந்து சுருங்கியிருந்தது.

"நல்லதாப் போச்சு. நீங்க பிரிங்க" என்றாள் மடத்தம்மா.

நூலில் கை வைத்தார். மலைப்பாதையில் பஸ்ஸைத் திருப்பிய கை, அந்த முடிச்சிலேயே நின்றுவிட்டது. வெள்ளை வந்தால் அவளைக் கூப்பிட வழியே இல்லாமல் போகும். சிவப்பு வந்தால் போயே தீர வேண்டும், அங்கே என்ன சொல்வார்களோ. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

விடிந்ததும் அடுக்களையில் கோமதி வைதுகொண்டே காப்பி ஆற்றுகிற சத்தம் நாளைக்கும் வேண்டும், அதற்கு மறுநாளும் வேண்டும் என்று சொல்லி அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது மடத்தம்மா பார்த்ததில்லை.

அவள் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமலே துளசிச் செடியடியில் புதைத்து, கையைத் தட்டிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் பதறிப்போனார். "இனி அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"இவ்வளவு நாளா என்ன சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போ, போன்னுதான் சொன்னேன்."

"இங்க அழுததை அவகிட்டப் போய் அழுங்க. அப்புறம், வா போகலாம்னு கூப்பிடுங்க."