புதுச் சுமைதாங்கி

உப்பு மூட்டை சுமந்து பிழைக்கிற சடைச்சி, சுமைதாங்கிக் கல்லைப் பார்க்க வந்த ராஜாவிடமே சொல்லிவிட்டாள். "இந்தப் புதுச் சுமைதாங்கி உதவாது மகாராசா!"

வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க அதைக் கட்டியவர் அரண்மனை அதிகாரி விசயரங்கர். மயிலும் யாளியும் செதுக்கி, ஆளைவிட ஒரு முழம் உயரமாக நிறுத்தியிருந்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாயைத் திறக்காம குறையைக் காட்டு. முடியலைன்னா ஊரைவிட்டே ஓடு!"

சடைச்சி அசரவில்லை. தன் மூட்டையையும் அவர் தலையையும் சுட்டிக்காட்டினாள். ராஜா ஆகட்டும் என்றார். மூட்டையை விசயரங்கர் தலையில் ஏற்றிவிட்டு, கல்லைக் கைகாட்டினாள்.

விசயரங்கர் எக்கினார், நுனிக்காலில் நின்றார், எட்டவில்லை. கழுத்து வெடவெடத்தது. "அடேய், யாராவது வந்து இறக்கிவிடுங்கடா!" என்று அலறினார்.

அப்போதுதான் சடைச்சி வாய் திறந்தாள்.

"இறக்கிவிட ஆள் இருந்தா, கல் எதுக்கு சாமி?"