துண்டுக்குள் நீண்ட கை

வானத்து நட்சத்திரத் திரள்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. ஒவ்வொரு திரளும் ஒரு தாய். மடியில் கிடக்கும் குளிர்ந்த மூட்டத்தை அள்ளி இறுக்கினால் ஒரு நட்சத்திரம் பிறக்கும். புதுப்பிள்ளைகள் நீலமாய் எரியும்.

அந்தத் தாய்களில் நீலாயி துடுக்குக்காரி. எவர் தயவும் இல்லாமல், வெளியில் சிதறிக் கிடந்த மூட்டத்தைப் பொறுக்கிச் சேர்த்தே பிள்ளைகளைப் பெற்றவள். அவளுக்கு ஒரே குறை, பேச்சுத்துணை இல்லை. அக்கா வீராயி தூரத்துப் பெருங்கூட்டத்துக்குக் குடிபோனவள்தான். அப்புறம் ஒரு குரல்கூட இல்லை.

இருட்டு அவளைத் தேடி வந்தது. முகம் கிடையாது. அந்தரத்தில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது.

"கூட்டத்துக்கு வந்துவிடு, தாயி. அக்கா பக்கத்திலேயே இடம் தருகிறேன்."

"சும்மா தருவதற்கு நீ என்ன என் தாய்மாமனா? விலையைச் சொல்."

"வாயால் சொல்லலாமா? துண்டுக்குள் கையை விடு."

மாட்டுச் சந்தையைப் போல அங்கேயும் அதுதான் வழக்கம். பேரம் துண்டுக்குள், விரலோடு விரல். விலையை வாய்விட்டுச் சொன்னால் பேரம் முறிந்துவிடும். சொன்னவள் அந்தக் கூட்டத்தின் பக்கம் மறுபடி தலைகாட்ட முடியாது.

நீலாயி கையை விட்டாள். ஒரு விரல் தொட்டது. ஒரு பிடி மூட்டம், போகட்டும். இரண்டு, மூன்று. "அடாவடியாக இருக்கிறதே!" என்று முறைத்தாள். ஐந்தும் படிந்தன. ஆறாவது விரல் வந்தது. ஏழாவது வந்தது. விரல்கள் முடியவே இல்லை.

அவற்றின் நடுவே கோணலான ஒரு சுண்டுவிரல். முதல் பிள்ளையை இறுக்கும்போது சுட்டுக் கோணிப்போன அக்காவின் விரல்! அது அவள் உள்ளங்கையை நகத்தால் இரண்டு முறை கீறியது. சந்தைப் பாஷையில் அதற்கு 'கட்டாது, விட்டுவிடு' என்று பொருள்.

நீலாயி நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் திரள்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் நெருக்கி, அணையப்போகும் கங்குபோல் சிவந்து கிடந்தன. எல்லா வாயும் திறந்திருந்தது. சத்தமே இல்லை. வெந்த காற்று ஒவ்வொரு மடியையும் துடைத்துப் போட்டிருந்தது. ஒரு தொட்டிலும் ஆடவில்லை.

கையை இழுத்தாள்; வரவில்லை. விலையைக் கத்தினால் பேரம் முறியும்; ஆனால் அக்காவை இனிப் பார்க்கவே முடியாது. அந்த நகம் மூன்றாவது முறை கீறியது.

"மொத்த மடியையும் கேட்கிறான்டீ!" என்று வெளியெல்லாம் அதிரக் கத்தினாள்.

துண்டு நழுவி விழுந்தது. உள்ளே வேறு கையே இல்லை. அவள் உள்ளங்கையில் மூன்று கீறல்கள் மட்டும் இருந்தன.

கேட்ட தாய்மார்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு விலகினார்கள்.

அன்றைக்கு விலகியவர்கள்தான். இன்றும் நம் பக்கத்து வானில், பிள்ளை பெறும் நீலத் திரள்கள் கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்றாகத் தள்ளியே நிற்கின்றன. பேறு நின்ற சிவந்தவைதான் நெருக்கியடித்துக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலில் யாரும் பேசுவதில்லை. கை இன்னும் துண்டுக்குள்தானே இருக்கிறது; விலையை வாய்விட்டுச் சொல்லக் கூடாதே.