ஒரு சொட்டும் தாண்டாத அணை

அன்று நெடும்பாறை அரண்மனைச் சபையில் இருந்தவர்கள்: மகாராஜா ஒருவர். எண்ணெய்க் கொட்டடி அதிகாரி கோவர்த்தனர் ஒருவர். எதற்கும் தலையாட்டும் பிரபுக்கள் நால்வர். கீழாற்று ஒன்பது ஊர்களுக்காகத் தண்ணீர் கேட்டு வந்த குடியானவர்கள் மூவர். விகடகவி அம்பலக்கூத்தர் ஒருவர். ஆக மொத்தம் பத்துப் பேர். தலைக்கு மேலே மின்சார பல்புகள் நாற்பது.

மஞ்சாற்றில் அணை கட்டி, தண்ணீரைக் குழாயில் இறக்கி, சக்கரம் சுழற்றி எடுத்த வெளிச்சம் அது. சக்கரத்தைத் தாண்டிய தண்ணீர் கீழாற்று வயல்களுக்குப் போகும். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. விளக்குச் சமாசாரம் என்பதால் அணையும் கோவர்த்தனர் பொறுப்பிலேயே விழுந்தது. முப்பது வருஷம் விளக்கெண்ணெய் அளந்த கை.

"மகாராஜா, அணையில் பெரிய ஒழுக்கு. விளக்குக்கான தண்ணீர் வயலுக்கு ஓடிவிடுகிறது. அடைத்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை," என்றார் அவர்.

"அப்படியானால் இனி ஒரு சொட்டும் அணையைத் தாண்டக் கூடாது!" என்றார் மகாராஜா.

நால்வரும் தலையாட்டினார்கள். குடியானவர்களில் மூத்தவரான சடையாண்டி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "சாமி, நாத்தங்கால் காயுது. நாலு நாள் தண்ணி நின்னா ஒன்பது ஊரும் பட்டினிதான்."

எதிர்த்துப் பேசினால் மகாராஜாவுக்கு வீம்பு ஏறும் என்பது அம்பலக்கூத்தருக்குத் தெரியும்.

"அருமையான உத்தரவு. நானே நிறைவேற்றுகிறேன்," என்றார்.

"நீங்களுமா அய்யா?" என்றார் சடையாண்டி.

கூத்தர் அந்தி சாய்ந்து நாற்பது பல்பும் எரியும்வரை பொறுத்திருந்தார். பிறகு டெலிபோனை எடுத்தார்.

"அணையா? குழாய் மதகை மூடுங்கள். ஒரு சொட்டும் தாண்டக் கூடாது. மகாராஜா உத்தரவு."

பல்புகள் மங்கின, சிவந்தன, அணைந்தன.

"ஆகா, என்ன குளுமையான இருட்டு!" என்றார் ஒரு பிரபு.

"கூத்தரே! என்ன இது?" என்று மகாராஜா கத்தினார்.

"வெளிச்சத்தைச் சேமிக்கிறோம், மகாராஜா. பத்து வருஷத்துக்குப் பத்திரமாக இருக்கும்."

"திறக்கச் சொல்லும்!"

"ஒழுகுமே?"

"ஒழுகட்டும்! விளக்கு எரிகிறவரை ஒழுகட்டும்!"

வெளிச்சம் வந்தது. மகாராஜா கோவர்த்தனரின் முகத்தைப் பார்த்தார்; வயிறு குலுங்கச் சிரித்தார். "கூத்தரே, என்ன பரிசு வேண்டும்?"

"நாற்று பகலிலும் தண்ணீர் குடிக்கும், மகாராஜா. அறுவடைவரை பகலிலும் விளக்கு எரியட்டும்."

எரிந்தது. ஒன்பது ஊர்க் களமும் நிறைந்தது. அறுவடை முடிந்த அன்று கோவர்த்தனர் ஏணி வைத்து ஏறி, பல்புகளைத் தட்டித் தட்டி எண்ணினார். இரவும் பகலும் எரிந்ததில் இருபத்தொன்பது போயிருந்தன. மிச்சம் பதினொன்று.