புளிக்காத விசா

அறிவு பங்கிடப்பட்ட நாளில் நல்லான்குளத்தார் நால்வரும் வரிசையில்தான் நின்றிருந்தார்கள். வரிசையின் முன்பக்கம் எது என்பதில் அவர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. விவாதம் முடிந்தபோது பங்கிட்டவர்கள் அறிவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். இதில் அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விவாதம் முறையாகவே நடந்தது.

பிற்பாடு அந்த நால்வரும் பிழைப்புக்காகக் கடல் தாண்டி இக்கரை நாட்டுக்குப் போய், அங்கே தில்லைநாயகி அம்மாள் நடத்திய இட்டிலிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தோசைக்கல்லின் முன் நின்றவர் தீர்த்தமலை. வயதில் மூத்தவர், ஆகவே அறிவிலும் மூத்தவர் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாவரைத்தவன் புண்ணியகோடி. பாத்திரம் துலக்கியவன் மாசிலாமணி. இலை போட்டுப் பரிமாறியவன் குஞ்சிதபாதம்.

குஞ்சிதபாதத்தின் முகம் சிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. சட்னி கேட்டாலும் சிரிப்பான். சட்னி ஊசிப்போய்விட்டது என்று திட்டினாலும் சிரிப்பான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாளின் மகள் செங்கமலம் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாள்.

அம்மாளுக்குப் பையன்மேல் குறையில்லை. அவனுடைய விசாவின்மேல்தான் குறை. மற்ற மூவருக்கும் அம்மாளின் காலஞ்சென்ற கணவர் ஆண்டு விசா வாங்கித் தந்திருந்தார். எப்படி வாங்கினார் என்பது மூவருக்கும் தெரியாது. கடைசியாக வந்த குஞ்சிதபாதத்துக்கோ ஒரு மாத அனுமதிதான். மாதம் முடிந்ததும் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அக்கரை நாட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

"மாசத்துக்கொருதரம் நாட்டை விட்டு ஓடுறவனுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்றாள் அம்மாள். "அக்கரையில இந்த நாட்டுத் தூதரகம் இருக்கு. போய் ஒரு வருஷ விசா வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நீ வரலைன்னா எங்கண்ணன் மகன் மாலையோட நிப்பான்."

குஞ்சிதபாதம் சிரித்தான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. ஜன்னல்ல உக்காந்திருக்கிறவர் போட்டோவைப் பார்ப்பார், உம் மூஞ்சியைப் பார்ப்பார். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். துளி வித்தியாசம்னாலும் திருப்பி அனுப்பிடுவார்."

இந்தப் புத்திமதியைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அம்மாள் பிற்காலத்தில் பலமுறை வருந்தியதுண்டு.

செவ்வாய்க்கிழமை துணைக்கு மூவரும் கிளம்பினார்கள். முதலில் புகைப்படக் கடை. "சிரிக்காதீங்க, ரெண்டு காதும் தெரியணும், வாயை மூடுங்க" என்று சொல்லி, வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் நால்வரும் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து படத்தை ஆராய்ந்தார்கள்.

"போட்டோவுல சிரிப்பு இல்லை" என்றார் தீர்த்தமலை. "அதனால மூஞ்சியிலயும் இருக்கக்கூடாது. குஞ்சு, விசா கையில வர்ற வரைக்கும் நீ சிரிக்கக்கூடாது."

"செங்கமலத்தை நினைச்சா தானா வருதே மாஸ்டர்."

"அப்ப நினைக்காதே. எங்கண்ணன் மகன் எங்கண்ணன் மகன்னு அம்மா சொன்னாங்களே, அவனை நினை."

குஞ்சிதபாதம் நினைத்தான். சிரிப்பு உடனே நின்றது.

மாசிலாமணி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். "மாஸ்டர், இதுல பின்னாடி வெள்ளையா இருக்கு."

மூவரும் குஞ்சிதபாதத்தின் பின்புறத்தைப் பார்த்தார்கள். அங்கே புளியமரம் இருந்தது. அதற்கப்பால் ஒரு எருமை. துளி வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது, பெரிய வித்தியாசம். தீர்த்தமலை நெடுநேரம் யோசித்து, திருமணத்துக்கென்று பையில் வைத்திருந்த புது எட்டு முழ வேட்டியை எடுத்துப் பிரித்தார். அன்று முதல் குஞ்சிதபாதம் எங்கே போனாலும், புண்ணியகோடி ஒரு முனையும் மாசிலாமணி மறுமுனையுமாக அந்த வேட்டியை அவன் முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தபடி நடந்தார்கள்.

பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் இடம் பிடித்த குற்றத்துக்காக நடத்துநர் அவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ஐந்தாவது ஆள் வேட்டி.

பேருந்து குலுங்கிய குலுக்கலில் குஞ்சிதபாதத்துக்குக் கல்யாண மேளம் கேட்பதுபோல் இருந்தது. உதட்டோரம் நெளிந்தது. புண்ணியகோடி பதறிப்போய், சோகக்கதை ஒன்று சொல்லத் தொடங்கினான்.

"எங்க மாமா ஒரு புதுக் குடை வாங்கினாரு. வர்ற வழியில மழை. புதுக் குடை நனைஞ்சா கெட்டுப்போகுமேன்னு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. சளி புடிச்சு, காய்ச்சல் வந்து, படுத்த படுக்கையா ஆயிட்டாரு."

"ஐயோ பாவம். குடை?" என்றார் தீர்த்தமலை.

"இன்னைக்கும் புதுசாவே இருக்கு மாஸ்டர். புத்திசாலி மனுஷன்."

மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குஞ்சிதபாதம் மட்டும் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்தக் குடை ஏன் தனக்குச் சிரிப்பு மூட்டியது என்று அவனுக்கு விளங்கவில்லை. தனக்குக் கல் நெஞ்சு போலும் என்று வெட்கப்பட்டான்.

எல்லையில் இறங்கியபோது, சிரிக்காமல், பேசாமல், பின்னால் வெண்துகில் தாங்கிய இரு சீடர்களோடு வந்த இளைஞனைக் கண்டு, பழம் விற்ற பெண்மணி ஒருத்தி மௌன விரதக்காரர் என்று எண்ணிவிட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். படத்தில் வாய் மூடியிருப்பதால் திறந்த வெளியில் சாப்பிடுவது முறையல்ல. எனவே வேட்டியை முன்புறமாகக் கொண்டுவந்து மறைத்துப் பழத்தை ஊட்டினார்கள். கூட்டம் இன்னும் பக்தியோடு கும்பிட்டது.

வெளியேறும் முத்திரை குத்தப்பட்டது. பாலத்தின் நடுவில் தீர்த்தமலை திடீரென்று நின்றார்.

"இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம்?"

"இக்கரையை விட்டு வந்துட்டோம் மாஸ்டர்" என்றான் மாசிலாமணி.

"அக்கரை?"

"இன்னும் போகலை."

"அப்ப எந்த நாட்டுலயும் இல்லை" என்றார் தீர்த்தமலை. "இங்க எவ்வளவு நாள் உக்காந்திருந்தாலும் விசா கேக்க ஆளில்லை. நல்ல இடம். ஞாபகத்துல வச்சுக்கணும்."

ஞாபகத்தில் வைத்துக்கொண்டார்கள். அதுதான் பின்னால் வினையாயிற்று.

மறுநாள் காலை தூதரகத்தில், படத்தைக் கண்ணாடிபோல் முன்னால் பிடித்துக்கொண்டு மழுங்கச் சவரம் செய்யப்பட்ட முகத்தோடு குஞ்சிதபாதம் வரிசையில் நின்றான். அப்போதுதான் புண்ணியகோடிக்கு ஒரு பேராபத்து புலப்பட்டது.

"மாஸ்டர், போட்டோவுல குஞ்சுவுக்கு நெஞ்சுக்குக் கீழே ஒண்ணுமே இல்லையே. இவனுக்குக் காலெல்லாம் இருக்கே."

தீர்த்தமலையின் முகம் வெளுத்தது. கால்களை என்ன செய்வது என்ற ஆலோசனை தொடங்கி, பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டி கிடைக்குமா என்பதுவரை வந்துவிட்டது. அதற்குள் முறை வந்து சன்னலின் முன்னால் போய் நின்றார்கள். சன்னலுக்குக் கீழே உயர்ந்த மரப்பலகை. அது குஞ்சிதபாதத்தை நெஞ்சுவரை மறைத்தது.

"பாத்தியா, கவர்மெண்டு எல்லாத்தையும் யோசிச்சுத்தான் கட்டியிருக்கு" என்றார் தீர்த்தமலை, தழுதழுத்த குரலில்.

உள்ளே இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். அதனால் அன்று அவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

"பேர் என்ன?"

குஞ்சிதபாதம் நேராகப் பார்த்தான். படம் பேசாது, அவனும் பேசவில்லை. தீர்த்தமலை எட்டிப் பார்த்து, "குஞ்சிதபாதமுங்க" என்றார்.

"அவர் வாய் பேச மாட்டாரா?"

"நல்லாப் பேசுவானுங்க. இப்பத்திக்குப் போட்டோ மாதிரி இருக்கான்."

"பின்னாடி என்ன வேட்டி?"

"அதுவும் போட்டோவுல இருக்கிறதுதாங்க. ஐயா பாத்துக்கலாம்."

அதிகாரி படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார். "நீண்ட நாள் தங்குறதுக்கு என்ன காரணம்?"

"வெள்ளிக்கிழமை இவனுக்குக் கல்யாணமுங்க."

"கல்யாணத்துக்குப் போற மூஞ்சியா இது?" என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். பாவம், பெற்றோர் வற்புறுத்தல் போலும் என்று அவருக்கு இரக்கம் பிறந்தது. "நான் உக்காந்த நாள்லேருந்து போட்டோவும் ஆளும் இப்படி ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை" என்று சொல்லி, மறுநாளே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் கடவுச்சீட்டைக் கொடுக்கும்போது ஒரு விளக்கமும் கொடுத்தார். "இந்த ஒரு வருஷம் இன்னைக்கே ஆரம்பிக்காது. நீங்க எல்லை தாண்டி உள்ள போற நாள்லேருந்துதான் கணக்கு. புரிஞ்சுதா?"

புரிந்தது. துரதிருஷ்டவசமாக, நன்றாகவே புரிந்தது.

வியாழன் மாலை பாலத்தின் நடுவில் தீர்த்தமலை மறுபடியும் நின்றார். "குஞ்சு, நில்லு. உள்ள காலை வச்சா என்ன ஆகும்?"

குஞ்சிதபாதம் வேட்டி மறைவில் வாய் திறந்தான். "கல்யாணம் ஆகும் மாஸ்டர்."

"அது இல்லடா. விசா செலவாக ஆரம்பிச்சிடும். ஒரு வருஷத்துல தீந்துடும். உள்ள போகாம இருந்தா?"

"தீராது" என்றான் மாசிலாமணி வியந்து.

"தீரவே தீராது. ஆயுசு முழுக்க ஒரு வருஷம் பாக்கி இருக்கும். உன் பொண்டாட்டியோட கடைசி வரைக்கும் கவலையில்லாம இருக்கலாம்."

"உள்ள போகாம எப்படி மாஸ்டர் அவகூட இருக்கிறது?"

"அது சில்லறை விஷயம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார் தீர்த்தமலை. "எங்க மாமா குடை மாதிரி" என்று புண்ணியகோடி ஒத்துப் பாடினான். குஞ்சிதபாதத்தின் மனம் அக்கணமே ஓடிப்போய்க் கல்லாவின் அருகே நின்றது. ஆனால் மூன்று பேர் ஒன்றைச் சொல்லும்போது தன் மனம் மட்டும் வேறொன்றைச் சொன்னால் தவறு தன் மனத்தில்தான் இருக்கவேண்டும் என்று நம்பும் பணிவு அவனுக்கு உண்டு. உட்கார்ந்துவிட்டான்.

மாசிலாமணி மட்டும் போய் அம்மாளிடம் செய்தி சொன்னான்: "விசா கிடைச்சிடுச்சும்மா. கெட்டுப்போகக் கூடாதுன்னு பாலத்துல வச்சிருக்கோம்."

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் அம்மாள் வாடகைக் காரில் பாலத்தடிக்கு வந்து இறங்கினாள். பட்டுடுத்திய செங்கமலம் இறங்கினாள். தலைவாரிப் பொட்டிட்ட அண்ணன் மகனும் இறங்கினான். மாலையை இரவிலேயே கட்டச் சொல்லியிருந்தான். எல்லைக் காவலர் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கைகாட்டினார். அதற்கப்பால், கூப்பிடு தூரத்தில், வெள்ளை வேட்டிக்கு முன்னால் குஞ்சிதபாதம் சிலைபோல் உட்கார்ந்திருந்தான். காரில் கூட வந்த மாசிலாமணி வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிப்போய், தான் விட்ட முனையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாள் திட்டினாள். கெஞ்சினாள். "முகூர்த்தம் போகுதுடா" என்றாள். தீர்த்தமலை மரியாதையோடு, "பொண்ணை இங்க அனுப்பிடுங்கம்மா, தாலியை இங்கேயே கட்டிடலாம்" என்று மறுமொழி கொடுத்தார்.

செங்கமலம் கோட்டருகே வந்தாள். "என்னைப் பாத்துச் சிரிக்கக்கூட மாட்டேங்கிறீங்களே. மனசு மாறிடுச்சா?"

குஞ்சிதபாதத்தின் கண்ணில் நீர் முட்டியது. படத்தில் கண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வர, அதையும் விழுங்கினான்.

அவனுடைய தொண்டை ஏறி இறங்கியதைச் செங்கமலம் பார்த்தாள். பார்த்த மட்டில் பாதி புரிந்துகொண்டாள். மீதியை, இவர்களோடு இத்தனை நாள் ஒரே கடையில் இருந்த அனுபவத்தால் ஊகித்தாள். புண்ணியகோடியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அரைச்ச மாவை வெளியிலயே வச்சிருந்தா என்ன ஆகும்?"

"புளிச்சிடும் தங்கச்சி. அதான் ஃபிரிட்ஜுல வைக்கிறோம்."

"அப்ப விசா?"

தீர்த்தமலை கடவுச்சீட்டை வாங்கி மோந்து பார்த்தார்.

"லேசா வாடை வருது" என்றார்.

அதற்குமேல் யாரும் விவாதிக்கவில்லை. கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு குஞ்சிதபாதம் ஓடிய ஓட்டத்தில் வேட்டிக்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள். முத்திரை விழுந்தது. முகூர்த்தம் முடிய ஒரு மூச்சு இருக்கும்போது தாலியும் ஏறியது. அண்ணன் மகன் மாலையைத் தானே போட்டுக்கொண்டு முதற்பந்தியில் உட்கார்ந்தான். தாலி கட்டும்போதும் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பொறுப்பான பிள்ளை என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

மறுநாள் காலை செங்கமலம் தலைக்குக் குளித்துவிட்டு, காபி கலக்கக் கடையின் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். மாவு வைக்கும் பெரிய குளிர்பதனப் பெட்டி திறந்து கிடந்தது. மாவுப் பாத்திரங்கள் தரையில் இருந்தன. நடுத்தட்டில், வெற்றிலைமேல், கடவுச்சீட்டு, போட்டோ ஒட்டிய விசாப் பக்கம் திறந்தபடி வீற்றிருந்தது. அதற்கு எதிரே, பெட்டிக்குள் தலையை விட்டபடி அவள் கணவன் குந்தியிருந்தான். இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன, நீலம் பாரித்திருந்தன. பின்னால் வேட்டி விரிந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"மெதுவாப் பேசு தாயி" என்றார் தீர்த்தமலை. "விசா புளிக்காம உள்ள வச்சாச்சு. ஆனா போட்டோ குளிர்ல இருக்கு, மூஞ்சி வெளிய வெயில்ல இருக்கு. எவ்வளவு வித்தியாசம். யாராவது வந்து பாத்தா?"

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷந்தான். மாவுக்குத்தான் வேற இடம் பாக்கணும்."

குஞ்சிதபாதம் மெல்லத் தலையை வெளியே எடுத்துத் திரும்பினான். ஈரக்கூந்தலும் மஞ்சள் கயிறுமாய் அவள் நின்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடைத்து வைத்திருந்த சிரிப்பு முழுதும் ஒரேயடியாக அவன் முகத்தில் வந்து இறங்கியது. காதுவரை போயிற்று, நிற்கவில்லை.

தீர்த்தமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். புண்ணியகோடி வேட்டியை நழுவவிட்டான். மாசிலாமணி ஒருவன்தான் சமயோசிதம் இழக்காமல், பாய்ந்துபோய்க் குளிர்பதனப் பெட்டியின் கதவைப் படீரென்று சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றான்.

"பயப்படாதீங்க மாஸ்டர்" என்றான் மூச்சிரைக்க. "போட்டோ பார்க்கலை."