நாற்பதில் அளக்கப்பட்ட பேருந்து

ஒரு நகரத்தில் ஒரு சொகுசுப் பேருந்தும் ஒரு டவுன் பஸ்ஸும் இருந்தன. இரண்டில் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று பணிமனை முடிவு செய்தது. வேகம் குறைந்தது எதுவோ, அது போகும்.

ஹவுசிங் போர்டு நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கம்பத்தருகே அதிகாரி வேகமானியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொகுசுப் பேருந்து மேம்பாலத்தின் உச்சியிலிருந்து இறங்கி, இன்ஜினை வருத்தாமல் உருண்டு வந்து கம்பத்தைக் கடந்தது.

"அறுபது" என்றது வேகமானி.

டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றது. எழுபது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பத்தாவது நொடியில் கம்பத்தைக் கடந்தது.

"நாற்பது."

"இதைத் தள்ளிடலாம்" என்றார் அதிகாரி.

டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"பத்து நொடிக்கு முன்னால நான் பூஜ்யத்துல நின்னேன். நொடிக்கு நாலு கிலோமீட்டர் வேகம் கூட்டியிருக்கேன். அவர் எவ்வளவு கூட்டினார்னு கேளுங்க!"

"நான் ஏம்ப்பா கூட்டணும்?" என்றது சொகுசுப் பேருந்து. "வரும்போதே அறுபதுலதான் வந்தேன்."

"அது பாலம் கொடுத்த அறுபது!"

"பாலம் இருந்துச்சு, இறங்கினேன். உன்னை யாரு நடுவுல நிக்கச் சொன்னது?"

"ஏற வேண்டியவங்க நின்னாங்க."

"அது உன் சொந்த விஷயம்" என்றது வேகமானி.

"வேகம் கூடுற கணக்குக்கு முடுக்கம்னு பேர் இருக்கு. அதையும் எழுதுங்க."

"தெரியும், படிச்சிருக்கேன். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை" என்றார் அதிகாரி.

"அப்போ இன்னும் பத்து நொடி விட்டு அளங்க. அவ்வளவுதான் கேட்கிறேன்."

"எல்லாருக்கும் ஒரே கம்பம், ஒரே தடவை. இதுக்கு மேல என்ன நியாயம் வேணும் உனக்கு?"

சொகுசுப் பேருந்து சிரித்தது. "இப்போ அளந்து பாருங்க சார். நின்னு சண்டை போடுது. பூஜ்யம்!"

டவுன் பஸ்ஸின் ஓட்டுநர் மாசிலாமணி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் இறங்கிக்கோங்கம்மா."

"அண்ணே, பத்து மணிக்குப் பரீட்சை. அந்த வண்டி எங்க ஸ்டாப்புல நிக்காதே" என்றாள் ஒரு மாணவி.

அவர் கதவைத் திறந்துவிட்டார். எழுபது பேரும் சாலையோரத்தில் இறங்கி நின்றார்கள்.

இரும்புக் கிடங்கும் அதே சாலையில்தான் இருந்தது. டவுன் பஸ் கிளம்பியது. அணைக்க மறந்திருந்த வேகமானி, இருபதாவது நொடியில் அதன் முதுகைப் பார்த்தது.

எண்பது.

வேகமானி அந்த எண்ணை அழித்துவிட்டு, அடுத்த வண்டிக்குத் தயாரானது.