லிட்டருக்கு இருபத்தாறு

"இருபத்தஞ்சுக்கு மேல ஏறவே மாட்டேங்குதும்மா. இருபத்தாறு வர்றதுக்கு ஒரு வழி சொல்லு."

காரை விட்டு முழுதாக இறங்குவதற்கு முன்பே பூவராகன் கேட்ட கேள்வி இது.

கேட்கப்பட்டவள் கொளஞ்சி. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் டயர் கடை வைத்திருப்பவள். வயது முப்பத்து மூன்று. லாரிக்காரர், லோடு ஆட்டோக்காரர், டிராக்டர்காரர் எல்லாருக்கும் அவள்தான் குரு. வாயால் சொல்வது குறைவு. டயரை ஒரு தடவு தடவுவாள், வண்டிக்காரரின் குணம் தெரிந்துவிடும்.

கேட்டவருக்கு ஐம்பத்து நான்கு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவர், இந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதில் தேடி இன்னொருவர் வாசலில் வந்து நின்றார்.

கொளஞ்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எது சார் ஏறல?"

"மைலேஜ். வண்டி வித்தவன் இருபத்தாறுன்னு சொன்னான். புத்தகத்துலயும் போட்டிருக்கு. தை மாசம் வாங்கினேன். ஏ.சி. போடுறதில்ல. அம்பதுக்கு மேல போறதில்ல. பிரேக்கைக்கூட யோசிச்சுதான் மிதிக்கிறேன். ஸ்டெப்னி டயரைக் கழட்டி வீட்டுல கட்டிலுக்கு அடியில போட்டுட்டேன்."

"வழியில பஞ்சரானா?"

"அதான் நீ இருக்கியே."

கொளஞ்சி முன்டயர் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினாள்.

"எவ்ளோ காத்து வச்சிருக்கீங்க?"

"நாப்பது. இன்னைக்கு நாப்பத்திரண்டு வச்சிடு. காத்து கூடினா டயர் தரையில படுற இடம் குறையும். அது குறைஞ்சா..."

பாடம் ஆரம்பித்துவிட்டது. கொளஞ்சி முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினாள்.

"இதுல எவ்ளோன்னு போட்டிருக்கு?"

"முப்பத்திமூணு."

"உங்க டயரப் பாருங்க. ரெண்டு ஓரமும் புதுசாட்டம் இருக்கு. நடுவுல மட்டும் மொழுக்குன்னு தேஞ்சு கெடக்கு. பெட்ரோல மிச்சம் புடிச்சி டயரத் தின்னுக்கிட்டிருக்கீங்க."

பூவராகன் குனிந்து பார்த்தார். அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷமாக அழுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறவர், தன் வண்டியின் டயரை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"வண்டி பள்ளத்துல எறங்கினா தூக்கிப் போடுதா சார்?"

"கொஞ்சம் போடும். எனக்குப் பழகிடுச்சு. வீட்டுலதான் இடுப்பு விட்டுப்போவுதுன்னு சொல்லுவா."

"இப்ப எங்க பயணம்?"

"ஜெயங்கொண்டம். மச்சினி பொண்ணுக்கு வளைகாப்பு."

"வீட்டுல அம்மா வரலியா?"

"வர்றாளே. பஸ்ல."

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வளைகாப்புதானே?"

"ஆமா."

"சீர்த்தட்டெல்லாம்?"

"அதுவும் பஸ்லதான். அஞ்சு தட்டு, ஒரு பலாப்பழம் வேற. அத்தனை வெயிட்ட ஏத்தினா எங்கேருந்து இருபத்தாறு வரும்?"

கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு, காற்றடிக்கும் குழாயைத் தேடுகிறவளைப் போல் நின்றாள்.

"பஸ்ல போறேன்னு அவங்களே சொன்னாங்களா?"

"நான் இன்னைக்கு ஒருநாள் மட்டும்னுதான் சொன்னேன். அவதான், 'இனிமே நான் உங்க வண்டியில ஏறினா ஏன்னு கேளுங்க'ன்னு சொல்லிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு பத்து மணி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா."

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. காலையிலிருந்து அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வேதவல்லி இப்படித் தீர்த்துப் பேசியதில்லை. சொன்னால் செய்கிற ஆள் அவள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இருபத்தாறு மட்டும் வந்துட்டா அவளே ஒத்துக்குவாம்மா. அதுக்காகத்தான் கேக்கிறேன்."

கொளஞ்சி குழாயை எடுத்துவந்தாள். பூவராகன் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு டயரிலிருந்தும் புஸ்ஸென்று காற்றை இறக்கி, முப்பத்து மூன்றில் நிறுத்தினாள்.

"அடப்பாவமே, ஒண்ணரை கிலோமீட்டர் போச்சு!"

"மீட்டர்ல வர்ற வெளக்கெல்லாம் தெரியுமா சார் உங்களுக்கு?"

இந்தக் கேள்வியில் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பி என்ஜினைக் கிளப்பினார். தேர்த் திருவிழா போல எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தன.

"இது பேட்டரி. இது ஆயில். இது என்ஜின். இது ஏர்பேக். இது டயர்ல காத்து குறைஞ்சா எரியும். பார், ஒவ்வொண்ணா அணையுது. எல்லாம் அணைஞ்சிடுச்சா? அணைஞ்சிட்டா வண்டியில ஒரு குறையும் இல்லன்னு அர்த்தம். ஆறு மாசமா இந்த வண்டியில ஒரு வெளக்கு எரிஞ்சதில்ல. இந்த ஊர்ல எவனாவது இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்!"

"ஒண்ணுகூட எரிஞ்சதில்லியா?"

"ஒண்ணுகூட."

கொளஞ்சி வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். முன்கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கையைக் கட்டிக்கொண்டாள்.

மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. கூடவே டிங், டிங், டிங் என்று விடாமல் ஒரு சத்தம்.

பூவராகன் அரண்டுபோனார்.

"என்னம்மா பண்ணின? எதைத் தொட்ட?"

"எதையும் தொடல சார். உக்காந்தேன்."

"ஆறு மாசமா இல்லாத சத்தம்!"

பதற்றத்தில் அவருக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. டேஷ்போர்டில் இருந்த பெட்டியைத் திறந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். விளக்குகளின் படம் போட்ட பக்கத்தில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. வகுப்பில் வாசிக்கிற பழக்கத்தில் வாய்விட்டே வாசித்தார்.

"பக்கத்து இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் பெல்ட் அணியவில்லை."

இன்னொரு தடவை வாசித்தார். இந்தத் தடவை மனதுக்குள்.

"இது கடைசியா எப்ப எரிஞ்சுது சார்?"

யோசித்தார். முதல்முதல் எரிந்தது, கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுத் திரும்பிய நாள். வேதவல்லிக்குப் பெல்ட்டின் கொக்கி எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சத்தம் வந்துகொண்டே இருந்தது. 'வண்டி என்னமோ என்னையத்தான் கூப்புடுதுங்க' என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறமும் நான்கைந்து தடவை வந்தாள். சிவராத்திரிக்குப் போனபோது ஏ.சி. கேட்டாள். இவர் ஜன்னலைக்கூடப் பாதிதான் இறக்கினார். அதுதான் அவள் கடைசியாக ஏறியது.

"மாசியில" என்றார்.

"இப்ப என்னா மாசம்?"

"ஆவணி."

டிங், டிங் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"பெல்ட்டப் போடும்மா. நின்னுடும்."

"எறங்கினாலும் நின்னுடும் சார்."

கொளஞ்சி இறங்கினாள். கதவைச் சாத்தினாள்.

விளக்கு அணைந்தது. சத்தம் நின்றது. மீட்டரில் எதுவும் எரியவில்லை. ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அதே மீட்டர்தான். பூவராகனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அதன்மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. கொளஞ்சி உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"பத்து மணி ஜெயங்கொண்டம் வண்டி வருது சார்" என்றாள் கொளஞ்சி. அவ்வளவுதான் சொன்னாள்.

பூவராகன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். அதை அவள் கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். டிரைவர் ஏதோ திட்டிக்கொண்டே பஸ்ஸை நிறுத்தினார். நல்லவேளை, என்ன திட்டினார் என்று இவர் காதில் விழவில்லை.

வேதவல்லி நான்காவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டுகள், காலடியில் பலாப்பழம், பக்கத்துச் சீட்டில் பை. மூச்சு வாங்க வந்து நின்ற புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"பஞ்சரா?"

"அதெல்லாம் இல்ல வேதா."

"அப்புறம் எதுக்கு இதுல ஏறினீங்க?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. கொளஞ்சியின் கடை வாசலில் நின்ற காரை வேதவல்லி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் கண்ணில் குறும்பும் வந்துவிட்டது.

"ஏங்க, இந்த பஸ்ஸு லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?"

"அஞ்சு வந்தா பெரிசு."

"அய்யய்யோ! அஞ்சா? நீங்க எறங்கிடுங்க. உங்களுக்குத் தாங்காது."

முன் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பூவராகன் தலையைத் தூக்கி, பஸ்ஸை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தார். கூடைக்காரிகள், கைக்குழந்தை, தூங்கி விழும் ஒரு பெரியவர், கம்பியைப் பிடித்துத் தொங்கும் நாலைந்து பேர். உதடு அசைய எண்ணினார்.

"அஞ்சுன்னாலும் அம்பத்தியெட்டு பேரு சேந்து போறோம் வேதா" என்றார்.

வேதவல்லி அவரையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"நல்லா உள்ள தள்ளி உக்காருங்க" என்றாள்.